அரசு வேலை விண்ணப்பத்தில் 250 வார்த்தை விடை: மதிப்பெண் எங்கே விழுகிறது, எங்கே நழுவுகிறது

"பல வருட அனுபவம் இருக்கிறது, விளம்பரத்தில் கேட்ட தகுதிகளும் இருக்கின்றன. ஆனால் 'உங்கள் அனுபவத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக, 250 வார்த்தைக்கு மிகாமல்' என்ற பகுதியை எழுதி அனுப்பினால் நேர்காணலுக்கே கூப்பிடுவதில்லை. என் மொழிநடை போதவில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நடையைப் பற்றிக் கேட்டாலும், நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது படிப்பவர் எதற்கு மதிப்பெண் போடுகிறார் என்பதைத்தான். இத்தகைய விடைகளைப் பல ஆண்டுகளாக மதிப்பிட்டும் திருத்திக் கொடுத்தும் வருகிறேன். நடை குறையாக இருந்ததால் மட்டும் கழிக்கப்பட்ட விடைகள் மிகக் குறைவு. அழகான நடையில் இருந்தும் மதிப்பெண் போட இடமே இல்லாத விடைகள்தான் அதிகம்.

'கட்டுரை' என்ற பெயரே பலரைத் தவறான வழியில் கொண்டுபோய்விடுகிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பள்ளியில் எழுதிய வடிவம் இங்கே உதவாது. மதிப்பீட்டாளர் கையில் ஓர் அளவுகோல் இருக்கும்: இந்தத் திறன், இந்தப் பதவி நிலையில், எப்படி வெளிப்பட வேண்டும் என்று எழுதிய குறிப்பும் ஒரு மதிப்பெண் ஏணியும். பிரிட்டன் அரசுப் பணியில் அந்த ஏணி 1 முதல் 7 வரை போகிறது. 4 என்றால் 'ஏற்கத்தக்க அளவில் சான்று இருக்கிறது' என்று பொருள். வழக்கமாக ஒருவருக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியே மதிப்பெண் போட்டு, பிறகு ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வருவார்கள். பல இடங்களில் பெயர், வயது போன்ற அடையாளங்களை நீக்கிவிட்டுத்தான் விடையைக் கொடுப்பார்கள். உங்கள் பயோடேட்டா அவர்கள் கண்ணில் படாமலே போகலாம். ஆகவே 'இது அங்கேயே எழுதியிருக்கிறதே' என்று நினைத்து எதையும் விட்டுவிடக் கூடாது. எழுதாததை ஊகித்து மதிப்பெண் போட அவர்களுக்கு அனுமதி இல்லை. உங்களைத் தெரிந்த அதிகாரியே படித்தாலும், தாளில் இருப்பதை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்த நாட்டு அரசாக இருந்தாலும் இந்த அடிப்படை பெரிதாக மாறுவதில்லை. வடிவம் மட்டும் மாறும். அமெரிக்கக் கூட்டாட்சி அரசில் 'கே.எஸ்.ஏ.' (அறிவு, திறமை, ஆற்றல் ஆகிய மூன்றின் ஆங்கிலச் சுருக்கம்) என்ற பெயரில் நீண்ட கட்டுரைகள் கேட்பது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. விண்ணப்பத்தின் முதல் கட்டத்தில் அவற்றைக் கேட்கக் கூடாது என்று 2010 மே மாதம் அதிபரின் ஆணை வந்தது. 2025 மே மாதம் வெளியான ஆள்சேர்ப்புத் திட்டம், தலா 200 வார்த்தைக்கு மிகாத நான்கு கேள்விகளாக அதை வேறு உருவில் திரும்பக் கொண்டுவந்தது. பிரிட்டனில் ஒவ்வொரு திறனுக்கும் 250 வார்த்தை. அதோடு 500 முதல் 1250 வரை ஏதாவது ஒரு வரம்புக்குள் தனி விளக்கவுரையும் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் 'பிட்ச்' என்று ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் சொல்லச் சொல்வது பரவலான வழக்கம். எனவே முதலில் செய்ய வேண்டியது, உங்கள் முன்னால் இருப்பது எந்த வகை என்று உறுதிசெய்துகொள்வது. நடந்த ஒன்றைச் சொல்லச் சொல்கிறார்களா, தகுதிகள் முழுவதற்கும் சேர்த்து விளக்கம் கேட்கிறார்களா, அல்லது 'இந்தப் பணிக்கு ஏன் வர விரும்புகிறீர்கள்' என்று நோக்கத்தைக் கேட்கிறார்களா? மூன்றுக்கும் ஒரே விடையை வெட்டி ஒட்டினால் மூன்றிலும் தோற்கும்.

எழுதத் தொடங்குவதற்கு முன் விளம்பரத்தை முழுவதுமாகத் தனிக் கோப்பில் சேமித்துவிடுங்கள். கடைசித் தேதி முடிந்ததும் அந்தப் பக்கம் மறைந்துவிடும். நேர்காணலுக்குத் தயாராகும்போது அது இல்லாமல் திண்டாடுவீர்கள். பிறகு கேட்கப்பட்ட திறனின் வரையறையை எடுத்து வினைச்சொற்களாக உடையுங்கள். 'குறித்த காலத்துக்குள், தரம் குறையாமல், முன்னுரிமைகள் மாறும்போது அதற்கேற்பத் திட்டத்தை மாற்றிப் பணியை முடித்தல்' என்று இருந்தால் அதில் கேட்பது மூன்று: காலம், தரம், மாற்றத்தைச் சமாளித்தது. காலத்தை மட்டும் அருமையாக எழுதி, தரத்தை எப்படிக் காத்தீர்கள் என்று சொல்லாமல் விட்டால் பாதி மதிப்பெண்ணோடு நிற்பீர்கள். எந்தப் பதவி நிலைக்கான வரையறை என்பதையும் பாருங்கள். ஒரே திறனுக்கு எழுத்தர் நிலையில் 'தன் வேலையை ஒழுங்குபடுத்துதல்' என்றும், மேலாளர் நிலையில் 'பிறர் வேலையைத் திட்டமிட்டுத் தடைகளை நீக்குதல்' என்றும் இருக்கும். நிலைக்குக் கீழான நிகழ்ச்சியை எவ்வளவு நன்றாக எழுதினாலும் அது ஏணியில் ஏறாது. அனுபவசாலிகள் பலர் சறுக்குவது இங்கேதான்: மேல்பதவிக்கு விண்ணப்பித்துவிட்டு, இப்போதைய பதவியின் அன்றாட வேலையையே எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள்.

அடுத்தது நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பது. என் கணிப்பில் முடிவில் பாதிக்கு மேல் இதைப் பொறுத்தது; எழுதுவதைவிட இதற்கு அதிக நேரம் கொடுக்கலாம். ஒரு தாளில் இடப்பக்கம் ஆறேழு நிகழ்ச்சிகளும், மேலே கேட்கப்பட்ட திறன்களும் வருகிற மாதிரி கட்டம் போட்டு, எது எதற்குப் பொருந்துகிறது என்று குறியுங்கள். நல்ல நிகழ்ச்சிக்கு நான்கு அடையாளங்கள் உண்டு. முடிவெடுத்தவர் நீங்களாக இருக்க வேண்டும். உண்மையான ஒரு தடை இருந்திருக்க வேண்டும். ஆள் குறைவு, இணங்காத தரப்பு, தவறான தகவல், நேர நெருக்கடி என ஏதாவது ஒன்று. விளைவு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடிந்தவரை கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் நடந்ததாக இருக்க வேண்டும். பழையது விதிப்படி தவறு என்று பொதுவாகச் சொல்ல முடியாது, ஆனால் நுணுக்கங்கள் நினைவில் மங்கியிருப்பது எழுத்தில் தெரிந்துவிடும். பெரிய திட்டத்தில் சிறு பங்கு வகித்ததைவிட, சிறு பணியை முழுதாக நடத்தியது மேல். பல கோடித் திட்டம் என்று எழுதிவிட்டு நீங்கள் செய்தது கூட்டக் குறிப்பெடுத்தது மட்டும் என்றால், படிப்பவர் முதலில் கவனிப்பது அந்த இடைவெளியைத்தான். ஒரே நிகழ்ச்சியை இரண்டு திறன்களுக்குப் பயன்படுத்தவும் வேண்டாம். தடை இல்லாவிட்டாலும் உங்கள் அனுபவம் குறுகியது என்ற எண்ணத்தைத் தரும். விண்ணப்பங்கள் குவிந்தால் முதன்மையான ஒரு திறனை மட்டும் வைத்து முதல் வடிகட்டலை முடிக்கிற வழக்கமும் உண்டு. விளம்பரத்தில் அப்படி ஒன்று குறிப்பிடப்பட்டிருந்தால், உங்களிடம் உள்ள மிக வலுவான நிகழ்ச்சி அங்கேதான் போக வேண்டும்.

அலுவலக வேலை பார்த்ததே இல்லை என்பவர்களும் தயங்க வேண்டியதில்லை. விளம்பரம் 'பணி அனுபவம்' என்று குறிப்பாகக் கேட்காதவரை, தன்னார்வப் பணி, கல்வித் திட்டம், சங்கப் பொறுப்பு, குடும்பத்தில் ஒருவரைப் பராமரித்தபோது மருத்துவமனையோடும் அலுவலகங்களோடும் நடத்திய ஏற்பாடுகள் எல்லாமே சான்றாகும்.

விடையின் அமைப்புக்கு வாருங்கள். சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற நான்கு படி முறையைப் பல அரசுகள் தாங்களே பரிந்துரைக்கின்றன. அந்த நான்கையும் தலைப்பாகப் போட வேண்டியதில்லை. வரிசை இருந்தால் போதும். வார்த்தைகளை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 250 வார்த்தையில் சூழலும் பொறுப்பும் சேர்ந்து 50-ஐத் தாண்டக் கூடாது. செயலுக்கு 150 முதல் 160. விளைவுக்கு 40 முதல் 50. கைக்கு வரும் தோற்ற விடைகளில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கும்: துறையின் வரலாறு, பிரச்சினையின் பின்னணி என்று 120 வார்த்தை ஓடிவிட்டு, செயல் மூன்று வரியில் முடிந்து, விளைவு 'வெற்றிகரமாக முடிந்தது' என்று நின்றுவிடும். சூழலுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. செயல் புரிவதற்கு எவ்வளவு பின்னணி தேவையோ அவ்வளவு போதும்.

செயல் பகுதியில் நான்கு முதல் ஆறு செயல்கள் வரலாம். ஒவ்வொன்றிலும் என்ன செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்ற மூன்றும் இருக்க வேண்டும். இந்த 'ஏன்' தான் பெரும்பாலான விடைகளில் காணாமல் போகிறது. நடுத்தர விடையை நல்ல விடையிலிருந்து பிரிப்பது எது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், தயங்காமல் இதைச் சொல்வேன். செயல் மட்டும் இருந்தால், அது உங்களுக்கு இடப்பட்ட கட்டளையா நீங்களாக எடுத்த முடிவா என்று தெரியாது. காரணம் வந்ததும் உங்கள் தீர்ப்புத் திறன் தெரிகிறது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. முதலில் மெலிந்த வடிவம்: "எங்கள் பிரிவில் உரிம விண்ணப்பங்கள் ஏராளமாகத் தேங்கிவிட்டன. நாங்கள் குழுவாகச் சேர்ந்து அயராது உழைத்து, சிறந்த ஒருங்கிணைப்பின் மூலம் குறித்த காலத்துக்குள் வெற்றிகரமாக முடித்தோம்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மதிப்பெண் போட ஓரிடம்கூட இல்லை. அதே நிகழ்ச்சி இன்னொரு வடிவில்: "உரிமப் பிரிவில் 340 விண்ணப்பங்கள் 30 நாள் வரம்பைத் தாண்டி நின்றன. கூடுதல் ஆள் இல்லாமல் ஆறு வாரத்தில் அவற்றை முடிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. தடை எங்கே என்று தெரியாமல் ஆட்களை மாற்றிப் போடுவதில் பயனில்லை என்பதால் முதலில் 60 கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். அவற்றில் 38, ஒரே ஓர் இணைப்பு இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்டவை. கடிதம் போய்வர இரண்டு வாரம் ஆனதால், அந்த வகைக் கோப்புகளுக்கு மட்டும் தொலைபேசியில் பேசி மின்னஞ்சலில் இணைப்பைப் பெற மேலாளரிடம் அனுமதி வாங்கினேன். சரிபார்ப்பு தளர்ந்துவிடும் என்று தணிக்கைப் பிரிவு தயங்கியது; வாரம் பத்துக் கோப்புகளை அவர்களே மறுபரிசோதனை செய்யலாம் என்று நான் சொன்னதும் இசைந்தார்கள். மூன்றாம் வாரம் ஒருவர் விடுப்பில் போனபோது, பயிற்சி குறைந்தவர்களிடம் சிக்கலான கோப்புகள் போனால் பிழை வரும் என்பதால் அவற்றை நானே எடுத்துக்கொண்டு, எளியவற்றை மற்ற இருவருக்கும் பிரித்தேன். ஐந்தரை வாரத்தில் 340-உம் முடிந்தன. மறுபரிசோதனையில் பிழை எதுவும் வரவில்லை. இணைப்புப் பட்டியலைப் படிவத்தின் முதல் பக்கத்துக்கு மாற்றும் என் யோசனையும் ஏற்கப்பட்டது."

இரண்டாவது வடிவத்தில் மேலே பிரித்த மூன்று கூறுகளும் இருப்பதைப் பாருங்கள்: ஆறு வாரம் என்பது காலம், மறுபரிசோதனை என்பது தரம், ஒருவர் விடுப்பில் போனது மாற்றம். 'அயராது', 'சிறந்த' போன்ற அடைமொழி ஒன்றுகூட இல்லை. தணிக்கைப் பிரிவின் தயக்கத்தை மறைக்காமல் எழுதியிருப்பது விடைக்கு வலுவே தருகிறது. எதிர்ப்பே இல்லாத நிகழ்ச்சியில் திறமைக்கு வேலை இல்லை. எண்கள் தனியாக நிற்கவில்லை, முன் நிலையோடு ஒப்பிட்டு நிற்கின்றன. '340 முடித்தேன்' என்று மட்டும் இருந்தால் அது அதிகமா குறைவா என்று யாருக்கும் தெரியாது. உங்கள் வேலையில் எண்ணே கிடைக்காது என்றால், எது மாறியது என்று சொல்லுங்கள்: நீங்கள் தயாரித்த வழிமுறையை வேறு பிரிவும் எடுத்துக்கொண்டது, திரும்பத் திரும்ப வந்த புகார் நின்றது, அடுத்த ஆண்டும் அந்தப் பொறுப்பு உங்களிடமே தரப்பட்டது. இல்லாத எண்ணை மட்டும் உருவாக்காதீர்கள். விண்ணப்பத்தின் முடிவில் 'தகவல்கள் உண்மை' என்று உறுதியளிக்கிறீர்கள். நேர்காணலில் அதே நிகழ்ச்சியைக் கிளறி 'அந்த 60 கோப்புகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்று கேட்பார்கள். நடக்காததை எழுதியவர் இரண்டாவது துணைக்கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வார்.

'நாங்கள்' என்று எழுதும் பழக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான், நான் என்று எழுதுவது தற்பெருமை என்று நம்மில் பலருக்குக் கூச்சம். அந்த அடக்கம் நல்ல குணம்தான். ஆனால் மதிப்பெண் கொடுக்கப்படுவது குழுவுக்கு அல்ல. 'செய்யப்பட்டது', 'முடிவெடுக்கப்பட்டது' என்று செய்தவரே இல்லாமல் எழுதுவதும் இதே குறைதான். குழுவின் பங்கை மறைக்க வேண்டாம். பிறர் செய்ததை அவர்கள் செய்ததாகவும், நீங்கள் செய்ததை நீங்கள் செய்ததாகவும் பிரித்து எழுதினால் நேர்மையும் காக்கப்படும், மதிப்பெண்ணும் வரும். குழுப்பணியே கேட்கப்பட்ட திறனாக இருந்தாலும் விதி அதுதான்: குழு இயங்குவதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் கேள்வி.

எழுதும் முறையில் ஓர் ஆலோசனை: முதல் வரைவிலேயே வரம்புக்குள் நிற்க முயலாதீர்கள். 400, 500 வார்த்தை வரை ஓடட்டும். மறுநாள் எடுத்து வெட்டுங்கள். முதலில் போக வேண்டியவை பின்னணி, அடைமொழிகள், துறைக்கு உள்ளே மட்டும் வழங்கும் சுருக்கப் பெயர்கள், 'இதன் மூலம் என் திறமை வெளிப்படுகிறது' என்பது போன்ற தீர்ப்புகள். அந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டியவர் மதிப்பீட்டாளர். கடைசி வரை வெட்டக் கூடாதவை காரணங்களும் விளைவும். சாதாரண உரைக்கோப்பில் எழுதிப் பிறகு இணையப் பெட்டியில் ஒட்டுங்கள்; தடித்த எழுத்தும் புள்ளிப் பட்டியலும் அங்கே உதிர்ந்துவிடலாம், பாதியில் அமர்வு காலாவதியானால் எழுதியது முழுவதும் போய்விடும். இணைப்புக்கோடு போட்ட சொற்களை ஒரு மென்பொருள் ஒன்றாகவும் இன்னொன்று இரண்டாகவும் எண்ணுவதால், ஐந்து வார்த்தை குறைவாகவே நிறுத்துங்கள்.

நீண்ட விளக்கவுரை கேட்டால் கணக்கு வேறு. 750 வார்த்தை, கட்டாயத் தகுதிகள் ஐந்து என்றால் தகுதிக்கு 140 வீதம் ஒதுக்கி, மீதியைத் தொடக்கத்துக்கு வையுங்கள். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்திலும் எந்தத் தகுதிக்கு விடை சொல்கிறீர்கள் என்பது விளம்பரத்தின் சொல்லிலேயே தெரிய வேண்டும். ஒரே நாளில் எத்தனையோ விண்ணப்பங்களைப் படிப்பவரைத் தேட வைக்கக் கூடாது. அதற்காக விளம்பரத்தின் முழு வாக்கியங்களைத் திருப்பி எழுதவும் கூடாது. 'ஏன் இந்தப் பணி' என்ற கேள்விக்கு, சேவை மனப்பான்மையைப் பற்றிப் பொதுவாகப் பேசாமல், அந்தத் துறை இப்போது செய்துகொண்டிருக்கும் குறிப்பிட்ட ஒரு வேலையையும் அதற்கு உங்கள் அனுபவத்தில் எது உதவும் என்பதையும் இணையுங்கள். 'எப்படி மேம்படுத்துவீர்கள்?' என்று எதிர்காலத்தைக் கேட்டாலும், ஏற்கெனவே செய்த ஒன்றைக் காட்டிவிட்டுப் பிறகு திட்டத்துக்குப் போவதே நம்பிக்கை தரும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு எழுதலாமா என்பதற்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. பிரிட்டன் அரசுப் பணி உதவிக்குப் பயன்படுத்துவதைத் தடுப்பதில்லை; ஆனால் பிறருடைய அல்லது கருவி உருவாக்கிய எடுத்துக்காட்டைச் சொந்த அனுபவமாகக் காட்டுவதை எழுத்துத் திருட்டாகவே கருதுகிறது. அமெரிக்காவின் 2025 திட்டமோ, சொந்த வார்த்தைகளில் எழுதியதாகவும் ஆலோசகரையோ கருவியையோ பயன்படுத்தவில்லை என்றும் உறுதியளிக்கச் சொல்கிறது. விளம்பரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே விதி. விதி அனுமதித்தாலும் முழு விடையையும் கருவியிடம் விடுவது எனக்கு உடன்பாடில்லை. காரணங்களும் தயக்கங்களும் உங்கள் நினைவில்தான் இருக்கின்றன. அவை இல்லாமல் அது நிரப்பித் தருவது மேலே பார்த்த மெலிந்த வடிவத்தைத்தான், கொஞ்சம் மெருகோடு.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண்ணில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. ஒரே விடை ஓரிடத்தில் 5-உம் இன்னோரிடத்தில் 3-உம் வாங்குவது நடக்கிறது. அளவுகோல் அதைக் குறைக்கிறதே தவிர ஒழிப்பதில்லை. கணினி முக்கியச் சொற்களைத் தேடிக் கழிக்கிறது என்ற பேச்சை எல்லா அரசுகளுக்கும் பொதுவாக நம்ப வேண்டாம். மனிதர்களே படித்து மதிப்பெண் இடும் முறைகள் பல. சந்தேகம் இருந்தால் விளம்பரத்தில் குறிப்பிட்டுள்ள தொடர்பு அலுவலரைக் கேட்பதில் தவறில்லை. அதற்காகத்தான் அந்த முகவரியைத் தருகிறார்கள்.

உங்கள் பழைய விடைகளைப் பார்க்காமல் குறை எதுவென்று முடிவாகச் சொல்ல இயலாது. ஆனால் நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விரிவான கருத்துரை தராத துறைகள்கூட மதிப்பெண்ணைத் தெரிவிப்பதுண்டு, கேட்டு வாங்குங்கள். ஏழு படி ஏணியில் 2 அல்லது அதற்குக் கீழே என்றால், வேறு திறனுக்கான விடையை எழுதிவிட்டீர்கள், அல்லது நிகழ்ச்சியே இல்லாமல் பொதுவாகப் பேசியிருக்கிறீர்கள். திருத்துவதைவிட வேறு நிகழ்ச்சியோடு புதிதாக எழுதுவது மேல். 3 என்றால் நிகழ்ச்சி பெரும்பாலும் சரி. ஏதோ ஒரு கூறு விட்டுப்போயிருக்கும், அல்லது 'நாங்கள்' உங்களை மறைத்திருக்கும். 4 வந்தும் கூப்பிடவில்லை என்றால், விண்ணப்பங்கள் அதிகமாகிக் கட் ஆஃபை உயர்த்தியிருப்பார்கள். அந்த விடையைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு செயலுக்கும் காரணம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத இடத்தில் சேர்த்து, அடுத்த விண்ணப்பத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.